வைர உறுப்பினர்

திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பதினெட்டு ஆண்டுகளாகத் தள்ளுபடிக் கணக்கு நடத்தி வந்தவர் காசிமாயன். குறித்த விலை, விற்ற விலை, சதவீதம் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவர்தான் 2008 ஆடி மாதத்தில், திருநகர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஓர் இணையக் கடையின் வைர உறுப்பினர் ஆனார்.

உறுப்பினருக்கு எந்தப் பொருளானாலும் அறுபது சதவீதம் தள்ளுபடி. சேருவதற்கு ஒரே ஒரு ரூபாய். கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்தால் போதும். இந்த நல்ல காரியத்தைத் தனியாக அனுபவிக்க மனம் வராமல், ஆசிரியர் அறையில் நான்கு பேருக்கு விளக்கி அவர்களையும் சேர்த்துவிட்டார்.

முதலில் குக்கர் வந்தது. திரையில் நாலாயிரத்தை அடித்துவிட்டு ஆயிரத்து அறுநூறு என்று போட்டிருந்தார்கள். சரியாக அறுபது சதவீதம்தான். அவரே காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தார்.

மனைவி ஒச்சம்மாள் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இத எம்புட்டுக்கு வாங்குனீங்க?"

"ஆயிரத்து அறுநூறு. நாலாயிரம் ரூவா குக்கரு!"

"பெட்டியில அதிகபட்ச விலையே ஆயிரத்து நானூத்தம்பதுன்னுல போட்டிருக்கு?"

காசிமாயன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். எல்லா வரியும் உட்பட என்றும் அச்சடித்திருந்தது.

"அப்ப அந்த நாலாயிரம் எங்கிட்டிருந்து வந்துச்சு?" என்றாள்.

குறித்த விலையைக் குறித்தது யார் என்று இத்தனை வருடத்தில் ஒரு மாணவன்கூட அவரிடம் கேட்டதில்லை.

மாதக் கடைசியில் கார்டு பில் வந்தது. இரண்டாம் மாதச் சந்தா என்று முந்நூறு ரூபாய் எடுத்திருந்தார்கள். பதறிப்போய் அந்தக் கடைக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"வாழ்த்துகள் சார்! இதுவரைக்கும் நீங்க ரெண்டாயிரத்து நானூறு ரூபாய் சேமிச்சிருக்கீங்க."

"சேமிக்கல தாயி, குக்கருக்கே நூத்தம்பது ரூவா கூடக் குடுத்திருக்கேன். என்னைய நீக்கிவிட்டுருங்க."

"அத நீங்களேதான் சைட்ல நீக்கணும் சார். ஆனா இன்னிக்கு மட்டும் ரெண்டு வருஷச் சந்தா பாதி விலை. போட்டுரவா?"

காசிமாயன் போனை வைத்துவிட்டார். இன்னும் ஒரு நிமிடம் பேசியிருந்தால் 'எவ்வளவு வருது?' என்று கேட்டிருப்பார்.

சனிக்கிழமை ஒச்சம்மாளையும் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனார். மூன்று பக்கங்கள் 'நிஜமாகவா?' என்று கேட்டன. நான்காவதில் பச்சைப் பசேலென்று ஒரு பெரிய பொத்தான்: தொடர்ந்து சேமிக்கிறேன். அதற்குக் கீழே எறும்பு அளவில் ஆங்கிலத்தில் ஒரு வரி. மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்: "வேண்டாம், எனக்குப் பணத்தை வீணாக்கத்தான் பிடிக்கும்."

"அத அமுக்குனாத்தான் விடுவாய்ங்களா?"

"ஆமா. நான் எப்படி அமுக்குறது? கணக்கு வாத்தியாரு."

"தள்ளுங்க அங்கிட்டு," என்று மவுசை வாங்கி அமுக்கினாள். அத்தோடு விடாமல், திங்கட்கிழமை பேங்குக்குப் போகச் சொல்லிக் கார்டையே ரத்து செய்ய வைத்தாள்.

சேர்த்துவிட்ட நான்கு பேருக்கு எப்படிச் சொல்வது? இரண்டு நாள் ஆசிரியர் அறைப் பக்கமே போகாமல் வகுப்பிலேயே சாப்பிட்டார். மூன்றாம் நாள் துணிந்து போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, "என்னால உங்களுக்கும் நட்டம், மன்னிக்கணும்" என்றார்.

யாரும் கோபப்படவில்லை. தமிழாசிரியர் நல்லகாமன் தொண்டையைச் செருமினார்.

"எனக்குப் போன வாரமே தெரியும் சார். கணக்கு வாத்தியாருக்கு நான் கணக்குச் சொல்றதான்னு பேசாம இருந்துட்டேன்."

மற்ற மூவருக்கும்கூடத் தெரிந்திருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரித்தார்கள். அறிவியல் ஆசிரியர் மருது மட்டும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அண்ணே, மெதுவாப் பேசுங்க. நம்ம பேச்சக் கேட்டு ஹெட்மாஸ்டரும் நேத்துச் சேந்துட்டாரு. ரெண்டு வருஷத்துக்கு."