மூன்றாவது வாக்கியம்

தம்பியின் பொருட்களைப் பெற்றுக்கொண்டதாகத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அக்கா பையை வாங்கித் தோளில் மாட்டினாள். உள்ளே மாத்திரை டப்பா கலகலவென்றது. வார்டு ஊழியர் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். சட்டை ஒன்று, கண்ணாடி ஒன்று, செல்போன் ஒன்று, செருப்பு ஒரு ஜோடி, பிளாஸ்டிக் டப்பா ஒன்று.

"எல்லாம் சரியா இருக்கா மேடம்?"

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சட்டைக்குச் சொந்தக்காரன் மட்டும்தான் ஒரு மணி நேரமாக இல்லை. பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன், நாளைக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் காலையில் வந்தார்கள். மதியம் இரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் தியேட்டர் கதவுக்கு வெளியே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ரத்தம் நிக்கவே இல்லம்மா" என்றார்.

அந்த ஆஸ்பத்திரியில் அக்காவுக்குக் 'கைதூக்கி' என்று பட்டப்பெயர். இருபது வருஷம் தியேட்டரில் நர்ஸாக நின்றவள், பிறகு அங்கே வேலை செய்கிறவர்களுக்கே வகுப்பு எடுக்கப் போனாள். கத்தியைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ அல்ல, மனிதர்களைப் பற்றி. களைத்த கண் எதைப் பார்க்காமல் விடும், பழகிய கை எப்போது தானாக வேலை செய்யும், பெரிய டாக்டர் முறைத்தால் சின்ன நர்ஸின் நாக்கு ஏன் மேலே ஒட்டிக்கொள்ளும், இதுதான் பாடம். ரப்பர் பொம்மையை மேஜையில் கிடத்திவிட்டு அவளே பெரிய டாக்டராக மாறிக் கத்துவாள். எதிரே நிற்பவர் பயப்படாமல் மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். முதலில், "எனக்குக் கவலையா இருக்கு." கேட்கவில்லையென்றால், "இது நோயாளிக்கு ஆபத்து." அதற்கும் கேட்கவில்லையென்றால், உள்ளங்கையைத் தூக்கிக் காட்டி, "நிறுத்துங்க." தூக்கியது தரை துடைப்பவரின் கையாக இருந்தாலும் அறையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். பெரிய டாக்டரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, செல்போனைப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் படித்துத் தேறியவர்தான்.

ஜாடைப் பேச்சை மட்டும் அவள் மன்னிக்கவே மாட்டாள். "ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா வருதோன்னு முணுமுணுத்துட்டு, அவருக்கே புரிஞ்சுடும்னு நிக்காதீங்க. ஜாடை பேச நாம என்ன மாமியாரைப் பத்தியா பேசறோம்?" வகுப்பு சிரிக்கும்.

தம்பிக்கு அவள் வேலை எப்போதும் கேலிதான். அவன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். "எங்க தொழில்ல சிவப்புப் பட்டனை அமுக்கினா பெட்டி நின்னுடும். கையைத் தூக்கறதுக்குப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கறது உலகத்துலயே நீ ஒருத்திதான்கா" என்பான்.

காலையில் அவனைத் தியேட்டர் உடையில் படுக்க வைத்திருந்தார்கள். தம்பி மனைவி கீழே ஃபாரம் நிரப்பப் போயிருந்தாள். கழற்றிய கண்ணாடியை வைக்கப் பையைத் திறந்தபோதுதான் அக்கா அந்த டப்பாவைப் பார்த்தாள். கிழமைக்கு ஒன்றாக ஏழு மூடி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலில் ரத்தம் கட்டியதிலிருந்து தம்பி ரத்தத்தை இளக்கும் சிவப்பு மாத்திரை சாப்பிட்டு வந்தான். ஆபரேஷனுக்காக ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். மற்ற மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டு, சிவப்பை மட்டும் டப்பாவிலேயே விட்டுவிட வேண்டும். அவள் சும்மா விரலால் மூடிகளைத் தட்டித் திறந்தாள். ஞாயிறு காலி. திங்கள் காலி. செவ்வாயும், அதாவது அன்றைக்கும், காலி.

"டேய், சிவப்பு மாத்திரை எங்கடா?"

தம்பி விட்டத்தைப் பார்த்தான். "கைப்பழக்கம்கா. மூடியைத் திறந்து அப்படியே வாயில போட்டுடறேன். இன்னிக்கு முழுங்கினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"நிறுத்திட்டேன்னு சொல்லிட்டேன். சொல்லிடாதேக்கா. ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. இந்த லீவும் போச்சுன்னா வேற குடுக்க மாட்டாங்க. வலி தாங்க முடியல." பிறகு கண்ணைச் சிமிட்டினான். "உன் பாடத்துல இதுகூட வருமே, கைப்பழக்கம். என்னை வச்சு ஒரு வகுப்பு எடுத்துக்கோ."

அவள் வாயைத் திறப்பதற்குள் பெரிய டாக்டர் வந்துவிட்டார். இந்தத் தேதியை வாங்க அவள் அவர் அறை வாசலில் மூன்று நாள் நின்றிருக்கிறாள். "உங்களுக்காகத்தான் இடையில செருகியிருக்கேன்" என்று அவர் சொன்னது அவள் காதிலேயே இருந்தது. அவர் தம்பியின் தோளைத் தட்டினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"டாக்டர், இவன் மாத்திரை விஷயத்துல கொஞ்சம் கவனக்குறைவு."

"எல்லா ஆம்பளைங்களும் அப்படித்தான்மா" என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார்.

தள்ளுவண்டி நகர்ந்தது. தம்பி படுத்தபடியே கையைத் தூக்கி, அவளுடைய சைகையை அவளுக்கே காட்டிச் சிரித்தான். கதவு மூடிக்கொண்டது. உள்ளே இருக்கும் போன் எண் அவளுக்கு மனப்பாடம். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் பட்டியல் வாசிப்பார்கள், மாத்திரையைப் பற்றிக் கேட்பார்கள், அப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுவான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைப்பதால்தான் ஆள் சாகிறான் என்பது அவளுடைய இரண்டாவது நாள் பாடம். அதை நூறு தடவையாவது நடத்தியிருப்பாள். செல்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது வராந்தா நாற்காலியில் தம்பி மனைவி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். பையைப் பார்த்ததும், "செருப்பைக் குடுத்துட்டாங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். அக்கா தலையாட்டினாள். டப்பாவை எங்காவது எறிந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வராந்தா முனையிலிருந்து தியேட்டர் நர்ஸ் வந்தாள். போன மாத வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட பெண். கவுனைக்கூட மாற்றவில்லை. அக்காவை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மேடம், பட்டியலை நான்தான் வாசிச்சேன். உங்க தம்பிகிட்ட நேராவே கேட்டேன், 'மாத்திரையை நிறுத்திட்டீங்களா'ன்னு. நிறுத்திட்டேன்னார். டிக் போட்டேன். சாயங்காலம் கூட்டம் வச்சிருக்காங்க. என் கையெழுத்துதான் இருக்கு." கழுத்தில் தொங்கிய முகமூடியைப் பிடித்துத் திருகினாள். "இன்னொரு தடவை கேட்டிருக்கணுமா? நான் எங்க விட்டேன் மேடம்? நீங்களே சொல்லுங்க."

அக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ எதையும் விடவில்லை என்று சொல்ல வேண்டும், சொன்னால் அடுத்த வார்த்தையையும் சொல்ல வேண்டும். "அப்புறம் பேசலாம்மா" என்றாள். அந்தப் பெண் அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு தலை குனிந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் குடும்பத்தாரை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காலையில் பார்த்ததைவிடப் பத்து வயது கூடியிருந்தது. நர்ஸ் சுவரோடு ஒட்டி நின்றாள். நிர்வாக அதிகாரி நோட்டைத் திறந்தார்.

"ரத்தப் பரிசோதனையில மாத்திரை உடம்புல இருந்ததா தெரியுது. இங்க நிறுத்தியாச்சுன்னு டிக் இருக்கு. வாசிச்சது நீங்கதானே சிஸ்டர்?"

"ஆமா சார்."

"சரியா கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்." அவளுக்கே இப்போது அதில் சந்தேகம் வந்தது போலக் குரல் இறங்கியது.

"அவங்கள ஏன் கேக்கறீங்க?" என்றாள் தம்பி மனைவி திடீரென்று. "சனிக்கிழமை ராத்திரி டப்பாவை நிரப்பினது நான். சிவப்பு மாத்திரையை நானே எடுத்து வச்சிருக்கணும். அவர் மறதிக்காரர்னு எனக்குத் தெரியாதா? நானே என் கையால..." அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இன்னிக்குக் காலைல ஒரு தடவை டப்பாவைத் திறந்து பார்த்திருந்தா போதுமே. யாராவது ஒருத்தர் திறந்து பார்த்திருந்தா போதுமே!"

அதிகாரி எழுத ஆரம்பித்தார். ஒரு பக்கம் பேனா ஓடியது, மறுபக்கம் தம்பி மனைவியின் கை மறுபடி நெற்றிக்குப் போனது. அக்காவுக்கு முதல் வாக்கியம் தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. இரண்டாவதற்கு இனி அர்த்தமில்லை, ஆபத்தெல்லாம் முடிந்துபோன விஷயம்.

அவள் எழுந்து உள்ளங்கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க."

நர்ஸ் சட்டென்று அசையாமல் நின்றாள். பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார். அதிகாரியும் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் சொல்லிக்கொடுத்தபடியே எல்லோரும் நின்றார்கள். நிறுத்துவதற்குத்தான் அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

"நான் திறந்து பார்த்தேன்" என்றாள். "காலைல. தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி. மூணு நாளும் சாப்பிட்டுட்டேன்னு என்கிட்ட சொன்னான். சொல்லாதேன்னான். நான் டாக்டர்கிட்ட ஜாடையா ஒரு வார்த்தை சொல்லிட்டு விட்டுட்டேன். இந்தப் பொண்ணு சரியாத்தான் கேட்டா."

பெரிய டாக்டர் காலையில் தான் சிரித்ததை நினைத்திருக்க வேண்டும், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நர்ஸ் சத்தமில்லாமல் அழுதாள். அக்கா பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முதல் மூன்று மூடியும் காலையில் அவள் திறந்தபடியே கிடந்தன. அலைந்த அலைச்சலில் நான்காவதும் பாதி திறந்திருந்தது.

தம்பி மனைவி அவளையே பார்த்தாள்.

"உங்ககிட்ட சொன்னாரா அண்ணி?"

"சொன்னான்."

அக்கா காத்திருந்தாள். அடித்தாலும் திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். தம்பி மனைவி ஒன்றும் செய்யவில்லை. டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, ஞாயிற்றுக்கிழமை மூடியை மூடினாள். பிறகு திங்கள், பிறகு செவ்வாய். புதன்கிழமை அறையில் சிவப்பும் வெள்ளையுமாக மாத்திரைகள் இருந்தன. அந்த மூடி சரியாகப் பொருந்தவில்லை. கட்டைவிரலால் அதை மறுபடியும் மறுபடியும் அழுத்திக்கொண்டிருந்தாள்.