பூஜ்ஜியத்தை ஏற்காத பத்தாவது கட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு படிவத்திலிருந்து கிடைத்தது. புதிதாக ஒரு தலைமுடிச் சாயம் கடைக்கு வரவேண்டுமானால், அது தோலில் ஒவ்வாமை உண்டாக்குமா என்று சோதித்து அரசு அலுவலகத்தில் அந்தப் படிவத்தைக் கொடுக்கவேண்டும். பத்தாவது கட்டம்: 'பயன்படுத்திய விலங்குகளின் எண்ணிக்கை'. கணினி அதில் பூஜ்ஜியத்தை ஏற்காது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கூண்டுக்குள் அந்தக் கினிப் பன்றி கண்களில் நீர் தளும்ப...

(அடித்துவிட்டேன். வாசகர் நம்பமாட்டார். கினிப் பன்றியும் நம்பாது.)

2

அந்தப் படிவத்தை நிரப்புபவருக்கு ஆய்வகத்தில் பெயர் பிளேடு அக்கா. பதினோரு வருடம் கினிப் பன்றிகளின் முதுகை மழித்து, சாயம் தடவி, சிவக்கிறதா என்று பார்த்தவர். இப்போது விலங்கே இல்லாமல், புரதக் கரைசலில் ஒன்று, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் இரண்டு என்று மூன்று சோதனைகள். இரண்டு ஒத்துப்போனால் அதுவே முடிவு. விதிமுறை இதை ஏற்று இரண்டு வருடமாகிறது. படிவத்துக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

பூஜ்ஜியம் போட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. அக்கா ஒன்று என்று போட்டார். திறந்தது.

(அனுதாபத்துக்காக அவர் மணிக்கட்டில் ஒரு தடிப்பு வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.)

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது: 'ஒரே விலங்கை வைத்து முடிவுக்கு வர இயலாது. முப்பது விலங்குகளில் சோதித்து அனுப்பவும்.' முதலாளி தாமதிக்கவில்லை. முப்பதும் நாளைக் காலை வருகின்றன.

3

"சார், அந்த ஒண்ணு நெஜமில்ல. அப்படியொரு பன்னியே இல்ல."

"பொய்த் தகவல் கொடுத்தேன்னு எழுதித் தர்றீங்களா?" என்றார் அதிகாரி.

"தந்தா?"

"தள்ளுபடி ஆயிடும். புதுசா போடலாம்."

"புதுசா போட்டாலும் இதே கட்டம்தானே?"

"ஆமாம்மா. நானும் மூணு கடிதம் எழுதிட்டேன். விதி ஏத்துக்கிச்சு, கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது."

"இனிமே என்னால மழிக்க முடியாது சார்."

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அரசு அலுவலகத்தில் அழுவது பிடிக்காததால் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

4

முடிவு அ: அதிகாரி படிவத்தின் மேல் ஒரு துண்டுச்சீட்டை ஒட்டிக் கையெழுத்துப் போடுகிறார். (அரை நாள் இதை நம்பினேன். கணினியில் சீட்டு ஒட்டமுடியாது.)

முடிவு ஆ: அக்கா வேலையை விடுகிறார். வேறொருவர் பிளேடை எடுக்கிறார். அக்கா தப்பித்தார், முப்பதும்...

உண்மையில் நான் எழுதிய கடைசி வரி இதுதான்: அதிகாரி படிவத்தைத் திருத்தத் திறந்து, விசைப்பலகையை அக்காவின் பக்கம் தள்ளிவிட்டு, "நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து போனார்.

அதன் பிறகு எனக்கு எழுத வரவில்லை. நீங்களே போடுங்கள். பூஜ்ஜியம் உண்மை, ஆனால் நகராது. ஒன்று நகரும், அதே கடிதம் வரும். முப்பது போட்டால், நாளை வருபவற்றை மழிக்கவேண்டும். மழிக்காமலே போட்டால், அதற்கும் கீழே 'மேற்கண்டவை உண்மை' என்று ஒரு வரி இருக்கிறது. எதைப் போட்டாலும் கையெழுத்து அக்காவுடையது. அதிகாரி டீயை மெதுவாகத்தான் குடிப்பார்.

10. பயன்படுத்திய விலங்குகளின் எண்ணிக்கை: ______