தம்பி சொல்லித்தந்த பாஷ்கீர்

நூரியா லண்டனுக்கு வருமுன் வீட்டில் எல்லோரும் அவளுடைய மொழியான பாஷ்கீர் கொஞ்சம் பழகவேண்டும் என்றான் அம்பலவாணன். சோவியத் காலத்தில் ஊஃபா நகருக்குப் படிக்கப் போனவன். அங்கே அவளை மணந்தான். இப்போது, 1993இல், கோலியர்ஸ் வுட்டில் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை.

"அவளுக்கு ரஷ்யன் தெரியாதோ?" என்றார் அண்ணன் கணேசலிங்கம்.

"தெரியும். வீட்டிலை பேசுறது இது. எங்கடை மாதிரித்தான், அண்ணை. எஷ் எண்டால் வேலை. எஷ்தெ எண்டால் வேலையிலை. பின்னாலை ஒட்டினால் சரி."

"இவரை என்னெண்டு கூப்பிடுவாள்?" என்றாள் அண்ணி சிவமலர்.

"கைனகா. புருசன்ரை தமையன். அவள் உங்களுக்குக் கிலென், தம்பி பெண்சாதி. ஹௌமெ கிலென் எண்டால் சுகமோ எண்டு கேக்கிறது. ஓமுக்கு எயெ."

"இல்லைக்கு?"

"அது தேவைப்படாது, அண்ணி. அவள் கேக்கிறதுக்கெல்லாம் எயெ எண்டால் காணும்."

வியாழக்கிழமை அவன் வேலையில் விழுந்தான். இதயம். அம்புலன்ஸ் வருமுன் முடிந்துவிட்டது. நூரியா அப்போது மொஸ்கோவுக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தாள். அறிவிக்க வழியில்லை.

"எயாப்போட்டிலை சொல்லக்கூடாது," என்றாள் சிவமலர். "வீட்டுக்கு வரட்டும். டொக்டர் குருமூர்த்தி மொஸ்கோவிலை படிச்சவர். அவர் சொல்லுவார்."

சாவுத் துடக்கு வீட்டில் செய்யாததைக் கணேசலிங்கம் செய்தார். சவரம் செய்துகொண்டு ஹீத்ரோவுக்குப் போனார்.

"ஹௌமெ, கிலென்."

அவள் சிரித்தாள். "கைனகா," என்று இரு கைகளாலும் அவர் கையைப் பற்றினாள். கக்கத்தில் ஒரு தேன் தகரம். பிறகு அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

"அம்பலவாணன்?"

"எஷ்தெ," என்றார்.

அவள் தலையாட்டினாள். காரில் எதையெதையோ காட்டிக் கேட்டபடி வந்தாள். அவர் எயெ, எயெ என்றார். ஹவுன்ஸ்லோ தாண்டியதும் கைக்கண்ணாடி எடுத்துத் தலை சீவிக்கொண்டாள்.

வீட்டு வாசல் முழுக்கச் செருப்புகள். அதைப் பார்த்துப் புன்னகைத்து அவளும் சப்பாத்தைக் கழற்றினாள்.

உள்ளே பெண்கள் எழுந்து ஓலமிட்டபடி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். டொக்டருக்கு ஷிப்ட் முடியவில்லை, வந்திருக்கவில்லை. சுவரோரம் குத்துவிளக்கு. அதன் பின்னால் மாலை போட்ட படம்.

அவள் படத்தைப் பார்த்தாள். தகரத்தை விடாமல் திரும்பினாள்.

"கைனகா, எஷ்தெ?"

தம்பி தந்த எயெ ஒன்றுதான் அவரிடம் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.