அக்கா கட்டியிருக்க வேண்டிய பட்டை

1.
இந்தக் கதை என்னுடையதில்லை, அக்காவுடையது. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம வீட்லயே நீ ஒருத்திதான் படிச்சவ. எழுதி வை. முடிவை மட்டும் மாத்திடு."

மாற்றத்தான் பார்க்கிறேன்.

2.
முதல் தொடக்கம்: 'மாமியார் என்றாலே...'

அடித்துவிட்டேன். அக்கா அத்தை என்று கூப்பிடும் மாமியாரை வில்லியாக்கினால் கோபப்பட எனக்கு வசதி. அந்த அத்தை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

இரண்டாவது தொடக்கம்: அக்கா சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுகிறவள். வயிற்றுப் பிள்ளையோடு நாள் முழுக்க நின்றுவிட்டு, வீங்கிய காலோடு வீடு திரும்புவாள். மருத்துவமனை அவள் மணிக்கட்டில் மாட்டிவிட்ட பட்டை, நடையையும் நாடியையும் எண்ணி, மருத்துவருக்கும் அவள் புருஷனுக்கும் அனுப்பும். நிற்பதை எண்ணாது. (நின்றே பிழைக்கிற ஒருத்தியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யார் கேட்டார்கள்?) இன்றைக்கு ஏன் நடக்கவில்லை என்று புருஷன் வேலையிடத்திலிருந்து போன் போட்டுக் குடைவான்.

அத்தைதான் பட்டையைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள்.

"நீ காலை நீட்டிப் படு. உன் நடையை நான் நடந்துட்டு வரேன். மாமியார் யாரு, மருமக யாருன்னு அதுக்கென்ன தெரியும்?"

மாலைதோறும் தெருவைச் சுற்றி வந்தாள். மகன் பெண்டாட்டியை மெச்சினான். சமையலறையில் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

3.
ஒருநாள் அத்தை நடந்து திரும்பியதும் மருத்துவமனையிலிருந்து அழைப்பு: நாடி தாறுமாறாக ஓடுகிறது, உடனே வாருங்கள். அக்காவைப் படுக்கவைத்துப் பரிசோதித்தார்கள். அவளுக்கும் ஒன்றுமில்லை, பிள்ளைக்கும் ஒன்றுமில்லை.

ஓடியது யாருடைய நாடி என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அத்தைக்கும்தான். மருத்துவர் வருவதற்குள் அக்காவின் கையைக் கிள்ளினாள்.

"வாயைத் திறந்துடாத. அவன் நம்ம ரெண்டு பேரையும் வறுத்தெடுத்துடுவான். எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

பிள்ளை பிறக்கும் முன்பே குத்துக்கல் சாய்ந்தது.

[அலங்காரம் வேண்டாம். அத்தை செத்துப்போனாள். மாரடைப்பு.]

4.
மாற்று முடிவு ஒன்று: அக்கா உண்மையைச் சொல்லிவிடுகிறாள், அத்தையை அங்கேயே படுக்கவைத்துக் காப்பாற்றுகிறார்கள். வாசித்துக் காட்டினேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லாருக்குடி. ஆனா அது நான் இல்லையே."

மாற்று முடிவு இரண்டு: பழியெல்லாம் பட்டை செய்த கம்பெனியின் தலையில், அவர்கள்...

நிறுத்திவிட்டேன். எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், அந்தப் பட்டை அன்றைக்குப் பொய் சொல்லவில்லை.

அக்கா அன்று மருத்துவரிடம் சொன்ன ஒற்றை வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை. இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மருத்துவர் கேட்கிறார்: "பட்டை உங்க கையிலதானே இருந்துச்சு?"

அக்கா சொல்கிறாள்: "................"