குடைக்குப் பாரம்

அக்கா ரூஃபினா பக்கத்துத் தீவான குவாமிலிருந்து வந்த மறுநாள் காலையிலேயே பாறைமுனைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். என் மனைவி கட்டிக்கொடுத்த, தலையில் சூடும் பூமாலையை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் பாக்கை மென்றுகொண்டு, நான் வண்டி ஓட்டும் லட்சணத்தைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

எங்கள் சைப்பன் தீவில் பிறந்தவர்களுக்கு அந்த முனையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை தீவைப் பிடித்தபோது, பிடிபடப் பயந்த ஜப்பானியக் குடும்பங்கள் அங்கிருந்து கடலில் குதித்துச் செத்தன. அவர்களுக்காக நட்ட நினைவுக்கற்கள் விளிம்போரம் வரிசையாக நிற்கின்றன. அதே நாட்களில் தீவுக்காரர்களான எங்கள் ஆட்களும் செத்தார்கள். சண்டை போட்ட இரண்டு பேருமே வெளியூர்க்காரர்கள். நடுவில் மாட்டிக்கொண்ட எங்கள் ஜனங்கள் குகைகளில் ஒளிந்தார்கள். குண்டு அங்கேயும் வந்தது. எங்கள் அம்மாவின் அண்ணனும் கைக்குழந்தையாக இருந்த தங்கையும் அப்படித்தான் போனார்கள்.

அவர்கள் ஒளிந்த குகையில் இறந்தவர்களின் பெயர்களைச் செதுக்கி, பாறைமுனையில் முழங்கால் உயரத்தில் ஒரு கல் நட அக்கா அலையாத அலுவலகம் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அனுமதி கிடைத்தது. பாதிரியார் வந்து ஜெபித்தார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. உள்ளூரில் இருப்பவன் எவன் போகிறான்?

வண்டியை நிறுத்தி இறங்கினோம். கல் இருந்த இடத்தில் இதய வடிவத்தில் ஒரு வெள்ளை வளைவு நின்றது. அதற்குள் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு கூட்டம் காத்திருந்தது. பக்கத்தில் ஐஸ் கடை. அக்கா வளைவைச் சுற்றி வந்து தரையைப் பார்த்தாள். சிமெண்டை உடைத்த தடம் மட்டும் தெரிந்தது.

“லினோ, கல்லு எங்கடா?”

எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. அதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். ஐஸ் கடையின் பெரிய குடைக்கு அடியில், காற்றில் பறக்காமலிருக்கப் பாரமாகக் கம்பத்தின் பாதத்தட்டுமேல் கல்லைப் படுக்க வைத்திருந்தார்கள். பெயர்கள் மேலே பார்த்தபடி இருந்தன. எழுத்துக் குழிகளில் ஐஸில் ஊற்றும் சிவப்புப் பாகு சொட்டி உறைந்து, எறும்பு மொய்த்தது.

கடையில் நின்றவன் நார்பர்ட். அவன் அம்மாவும் என் அக்காவும் ஒன்றாகப் படித்தவர்கள்.

“அட, ரூஃபினாக்கா! எப்ப வந்தீங்க? ஐஸ் போடட்டுமா?”

“முதல்ல இதப் படி.”

“அக்கா, ஆளுங்க நிக்கிறாங்க...”

“நிக்கட்டும். மூணாவது பேரப் படி.”

அவன் குனியவே இல்லை. “தெரியும்க்கா. எங்க தாத்தாவோட தம்பி.”

“தெரிஞ்சுதான் பாக வழிய விட்டியா?”

“மேனேஜர் வைக்கச் சொன்னாரு. முடியாதுன்னா வேலை போயிடும்.”

“வேலை போயிடுமா? உங்கம்மா கிட்ட சொல்றேன் இரு. பூரிச்சுப் போவா.”

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தான். சுற்றுலாக் கம்பெனிச் சட்டை போட்ட, வெளியூர் இளைஞன். சிரித்த முகமாகத்தான் பேசினான்.

“மேடம், கல்லு பத்திரமாத்தான் இருக்கு. போட்டோவுக்குக் குறுக்க வருதுன்னு தள்ளி வச்சோம், அவ்வளவுதான். ஜனங்க ஜாலியா வர்றாங்க. செத்தவங்க பேரப் பாத்தா மூடு போயிடுது.”

“அங்க அத்தனை கல்லு நிக்குதே, அதப் பாத்தா போகலயா?”

“அதப் பாக்கத்தான மேடம் டிக்கெட் வாங்கி வர்றாங்க.”

அக்கா குடைக்கு அடியில் குனிந்தாள். “டிக்கெட் வாங்குறவன் வீட்டுச் சாவு சாவு. எங்க வீட்டுச் சாவு உன் குடைக்குப் பாரமா?”

அவன் பதில் சொல்வதற்குள் அவள் கல்லின் ஒரு பக்கத்தைப் பிடித்துப் புரட்டித் தள்ளினாள். குடை சாய்ந்தது, காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் நின்றிருந்த பஸ்மேல் அடித்தது. மேனேஜர் கத்திக்கொண்டே அதன் பின்னால் ஓடினான்.

நானும் அக்காவும் கல்லைத் தூக்கப் பார்த்தோம். அசையவில்லை. நார்பர்ட் கடையை விட்டு வெளியே வந்து என்னை ஒதுக்கினான். “விடுங்கண்ணே, உங்க இடுப்புக்கு இது ஆகாது.” இன்னொரு பக்கத்தை அக்காவே பிடித்தாள். கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் இழுத்து, வளைவுக்குள் ஜோடிகள் நிற்கும் இடத்துக்கே கொண்டுபோய் நிமிர்த்தி வைத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் போனை எங்கள் பக்கம் திருப்பினார்கள்.

தங்கள் ஆட்களின் நினைவுக்கற்களுக்கு வழக்கப்படி தண்ணீர் ஊற்ற பாட்டிலோடு வந்திருந்த ஒரு ஜப்பானியக் கிழவி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வந்து ஏதோ கேட்டாள். எங்கள் அம்மா சின்ன வயதில், ஜப்பான் எங்கள் தீவை ஆண்ட காலத்துப் பள்ளிக்கூடத்தில் கற்ற சொற்களில் சில அக்காவுக்குத் தெரியும். “குழந்தைங்க,” என்று அந்த மொழியில் சொல்லிப் பெயர்களைக் காட்டினாள். கிழவி மீதித் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். பாகு கரைந்து இறங்கியது.

“நன்றி சொல்லேன் அக்கா,” என்றேன்.

“சொல்லணும்தான். வாய் வரலடா. யார் ஆரம்பிச்ச சண்டை அது?” என்றாள். ஆனாலும் தலையைத் தாழ்த்தினாள். கிழவி அதைவிடத் தாழக் குனிந்துவிட்டுப் போனாள். அப்புறம்தான் அக்கா மாலையைக் கல்லின்மேல் வைத்தாள்.

மேனேஜர் போலீஸைக் கூப்பிட்டான். வந்த போலீஸ்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “இங்க கல்லு வைக்க அனுமதி இருக்கா?” என்று கேட்டார்.

“வச்சதுக்கு இருக்கு. பேத்ததுக்கு இவங்க கிட்ட இருக்கான்னு கேளுங்க,” என்றாள் அக்கா.

மேனேஜர் போனில் யார் யாரையோ கூப்பிட்டான். அப்படி ஒன்று வாங்கவே இல்லை என்று கடைசியில் தெரிந்தது. “அப்ப கல்லு இங்கயே இருக்கட்டும்,” என்று போலீஸ்காரர் நகர்ந்தார்.

வளைவைத் தள்ளி வைத்துவிட்டார்கள். இப்போது அது கார் நிறுத்தும் இடத்தருகே நிற்கிறது. நார்பர்ட்டை அன்று மாலையே வேலையை விட்டு நீக்கினார்கள். அவன் என் மச்சான் படகில் மீன் பிடிக்கப் போகிறான். வருமானம் குறைவு, அவன் அம்மா எங்கள்மேல் கோபமாக இருக்கிறாள். கல்லை நானும் அவனும் சிமெண்ட் குழைத்துப் பூசி நிறுத்தினோம்.

அக்காவுக்கு இது போதவில்லை. பெயருள்ள ஒவ்வொரு குடும்பத்தின் வாசலுக்கும் அந்தக் கம்பெனி வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறாள். குவாமுக்குத் திரும்பியும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் செய்து, “வந்தாங்களா?” என்று கேட்கிறாள்.

யாரும் வரவில்லை.