தலைக்கு வைத்த துணி

சவப்பெட்டியை வண்டியிலிருந்து ஆட்கள் இறக்கிக்கொண்டிருந்தபோது நவமணி தம்பியின் காருக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். யாராவது கேட்டால் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். யாரும் கேட்கவில்லை. பந்தல் போடுகிறவர்கள் பந்தல் போட்டார்கள், அழுகிறவர்கள் அழுதார்கள்.

நவமணிக்குச் சந்தேகம் என்பது சர்க்கரை வியாதிக்கு முன்பே வந்தது. மீன்காரனின் தராசிலிருந்து மருமகனின் ஓவர்டைம் வரைக்கும் அவள் சந்தேகப்படாத விஷயம் கிடையாது. ஆனால் இப்போது வந்திருப்பது வேறு. இது பயம்.

தம்பி கோகிலன் டாக்டர். நேற்றுக் காலை ஈப்போவில் தன் கிளினிக் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பிணவறைக்கு வெளியே அவள் அழுதுகொண்டிருந்தபோது சித்தப்பா மகன் பத்துமலை, சுங்கை சிப்புட்டிலிருந்து லோரியிலேயே வந்து இறங்கியவன், காதருகே குனிந்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் மாறிட்டாரா?"

மதத்தைத்தான் கேட்கிறான் என்று அவளுக்கு உடனே புரிந்தது. அழுகை நின்றுவிட்டது.

"ஏன் கேக்கிறேன்னா, மாறியிருந்தா நமக்குத்தான் தெரியாது, இஸ்லாமிய இலாகாக்காரங்களுக்குத் தெரியும்லா. பெட்டிய மூடப்போற நேரத்துல வந்து நிப்பாங்க. இது எங்க ஆளு, நாங்கதான் அடக்கம் பண்ணணும்னுவாங்க. அப்பறம் போலிஸ், கோர்ட்டு. நீங்க கேள்விப்பட்டதில்ல?"

கேள்விப்பட்டிருந்தாள். இந்த நாட்டில் சாவு வீடுகளில் உட்கார்ந்தவர்கள் எல்லோருமே அப்படி ஒரு கதையைக் கேட்டிருப்பார்கள். கூடப்பிறந்தவனுக்கு வாய்க்கரிசி போட முடியாமல் வாசலில் நிற்கும் தன்னை அவள் நினைத்துப் பார்த்தாள்.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. மனைவி மங்களம் இறந்துபோன பிறகுதான் கோகிலன் இப்படி ஆனான். இரண்டு முறை காஸாவுக்கு வைத்தியம் பார்க்கப் போய்வந்தான். கூடப் போனவர்கள் முக்கால்வாசி மலாய்க்காரர்கள். திரும்பி வந்ததும் சனிக்கிழமை தவறாமல் திடலுக்கு எதிரில் வெள்ளைக்கோட்டும் கழுத்தில் கட்டம்போட்ட துண்டுமாக எதிர்ப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நம்ம ஜனங்க சிலோன்ல செத்தப்ப இப்படி நின்னீங்களாண்ணே?" என்று பத்துமலை ஒரு தீபாவளிக்கு நேராகவே கேட்டான். "நிக்கலப்பா. அது இன்னும் உறுத்துது, அதான் இப்ப நிக்கிறேன்" என்றான் கோகிலன். அன்றைக்கு அவன் இறைச்சிகூடத் தொடவில்லை, ஹலால் பார்த்தானோ என்னவோ.

நோன்பு மாதத்தில் பகலில் சாப்பிடுவதில்லை. கேட்டால், "சாப்பிடத் தோணலக்கா" என்பான். இது ஒரு பதிலா? போனில் அலைக்கும் சலாம் சொல்வான். அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்துவான். தாழ்த்தினானா, அவளுக்கு அப்படித் தோன்றியதா என்று இப்போது யாரைப் போய்க் கேட்பது?

காரின் பின்பக்கம், மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் அது கிடைத்தது. கயிறு போட்டுக் கட்டிய வெள்ளைத் துணிக் கட்டு. கஞ்சி வாசம் போகாத புதுப் பருத்தி. சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஓரம் தைத்து, மடித்து அடுக்கியிருந்தது.

பின்னால் வந்து நின்ற பத்துமலை உச்சுக்கொட்டினான்.

"அவங்க செத்தா சுத்துற துணிக்கா இது."

"இம்மாத்தூண்டு துண்டா?"

"துண்டு துண்டா வச்சுதான் சுத்துவாங்களாம். எங்கூட லோரி ஓட்டுறவன் சொன்னான்."

மீன்காரனை நம்பாத நவமணி, பார்த்தறியாத அந்த லோரிக்காரனை நம்பினாள். தம்பி தன் சாவுக்குத் தானே துணி வாங்கி வைத்திருக்கிறான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், ரெண்டு நாள் சமைக்காமல் இருந்திருப்பாள். அதற்குமேல் என்ன செய்துவிடப் போகிறாள்?

துணிக்கட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒளித்து வைக்க இடமில்லை. அடுப்படியில் பெண்கள், அறைகளில் உறவுக்காரர்கள், பின்வாசலில் சிகரெட் பிடிக்கிறவர்கள். நடுக்கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஆட்கள் காப்பி குடிக்கப் போயிருந்தார்கள். தம்பியின் தலைக்குக் கீழே சாட்டின் தலையணை இருந்தது.

அவள் அதை உருவினாள். கயிற்றை அறுத்து, துணிகளைப் பரப்பி அவன் தலைக்குக் கீழே வைத்தாள். தலை கனத்தது. எரியும்போது இதுவும் சேர்ந்து எரியட்டும், கேட்டு வருகிறவர்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

கோகிலனின் ஒரே மகன் ரூபன் ஜொகூரிலிருந்து விடிவதற்குள் வந்து சேர்ந்திருந்தான். அவனை ஓரமாக இழுத்தாள்.

"மத்தியானம் வரைக்கும் வேணாம். இப்பவே எடுத்துரலாம். பண்டாரத்துகிட்ட சொல்லு."

"காம்பார்லேருந்து இன்னும் ஆளுங்க வரணும் அத்தை. பாவம்ல?"

"வந்தா மின்சுடலைக்கு வரட்டும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரூபன், உண்மையச் சொல்லு. உங்கப்பா மாறிட்டாரா?"

அவன் உடனே இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். அவன் தரையைப் பார்த்தான்.

"தெரியல அத்தை. நான் கேட்டதில்ல."

சடங்குகள் அவசர அவசரமாக நடந்தன. எண்ணெய் சீயக்காய் வைத்தார்கள். பண்டாரம் மந்திரத்தைப் பாதி விழுங்கினார். நவமணியின் கண் வாசலிலேயே இருந்தது.

வாய்க்கரிசி ஆரம்பித்த நேரத்தில் வெள்ளை வேன் ஒன்று வந்து எதிர்ச்சாரியில் நின்றது. பக்கவாட்டில் பாலஸ்தீனக் கொடி ஒட்டியிருந்தது. தலையில் தூடோங் முக்காடு அணிந்த ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் இறங்கினார்கள். உள்ளே வராமல் மரத்தடியில் நின்று வீட்டையே பார்த்தார்கள்.

"வந்துட்டாங்க," என்றான் பத்துமலை. தான் சொன்னது பலித்ததில் அவன் முகத்தில் லேசான திருப்திகூட இருந்தது.

நவமணி வாய்க்கரிசியைக் கையில் வைத்துக்கொண்டே வெளிவாசலுக்குப் போய்க் குறுக்கே நின்றாள். சாலையைக் கடந்து வந்தவள் தன் பெயர் ஹஸ்னா என்றும் டாக்டரோடு காஸாவில் வேலை செய்த தாதி என்றும் மலாயில் சொன்னாள். எஸ்டேட்டில் பிறந்த நவமணிக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு.

"என்ன வேணும்?"

"ஆன்ட்டி, மன்னிச்சுக்குங்க. இது கேக்குற நேரம் இல்ல."

உடலைத்தான் கேட்கப் போகிறாள் என்று நவமணி நினைத்தாள். கையிலிருந்த அரிசி வியர்வையில் நனைந்தது.

"டாக்டர் கார்ல ஒரு துணிக்கட்டு இருக்கும். வெள்ளைத் துணி. எங்க குழு இன்னைக்கு கெய்ரோ வழியா காஸா கிளம்புது. அதையும் கொண்டுபோறதா டாக்டர்கிட்ட சொல்லியிருந்தோம்."

"கார்ல ஒன்னும் இல்ல."

"தாக் ஆப்பா ஆன்ட்டி, பரவாயில்ல." ஹஸ்னா தலையசைத்தாள். "டாக்டர் முகத்தை ஒரு தடவை பாக்கலாமா? உள்ள எங்க நிக்கணும்னு எங்களுக்குத் தெரியல. அதான் வெளியவே நின்னோம்."

பத்துமலைக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர் உங்க மதத்துக்கு வந்துட்டாரா?" என்று மலாயில் கேட்டே விட்டான்.

ஹஸ்னா விழித்தாள். "எங்ககிட்ட அப்படி எதுவும் சொன்னதில்லையே. நாங்க தொழும்போது எங்க போனையெல்லாம் மடியில வச்சுக்கிட்டு வெளிய உக்காந்திருப்பார். யார் போன் அடிச்சாலும் எடுத்து, சலாம் சொல்லி, தொழுறாங்க, அப்பறம் கூப்பிடுங்கன்னு சொல்லுவார்."

பத்துமலை செருப்பைப் பார்த்தான். நவமணிக்குச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

"அப்ப அந்தத் துணி அவனுக்கு இல்லியா? அவனுக்குச் சுத்த?"

கேள்வி என்னவென்று புரிய ஹஸ்னாவுக்குச் சற்று நேரமானது.

"இல்ல ஆன்ட்டி. பிள்ளைங்களுக்கு." தெருவில் ஒரு மோட்டார்சைக்கிள் போனது. அது போகும்வரை அவள் காத்திருந்தாள். "அங்க துணி தீந்துபோச்சு. ஜன்னல் திரையைக் கிழிச்சோம், போர்வையைக் கிழிச்சோம். ஒருநாள் ஒருத்தர் செத்த பிள்ளையை மாவு சாக்குல சுத்திக் கொண்டுவந்தார். எத்தனையோ பாத்த டாக்டர், அன்னைக்குத் தரையில உக்காந்துட்டார். மருந்து எல்லாரும் கொண்டுவருவாங்க, நான் துணி கொண்டுவரேன்னு சொன்னார். வெட்ட அங்க நேரம் இருக்காதுன்னு சின்ன அளவாவே தைச்சு வாங்குவார். இந்தத் தடவை உள்ள விடுவாங்களான்னு தெரியல. ஆனாலும் கொண்டுபோறோம்."

"மாவு சாக்கா?" என்றாள் நவமணி.

எஸ்டேட் லயத்து வீட்டின் சிமெண்டுத் தரை அவள் நினைவுக்கு வந்தது. பல் முளைக்காத தங்கச்சி ராக்காயி. பேதியில் போன குழந்தைக்குக் கோடித் துணிக்கு வழியில்லாமல், அம்மா மாவு சாக்கைப் பிரித்துச் சுற்றினாள். எத்தனை துவைத்தும் போகாத நீல எழுத்து குழந்தையின் வயிற்றின்மேல் வந்தது. ஏம்மா பாப்பாவுக்குச் சாக்கு என்று கோகிலன் கேட்டுக்கொண்டே இருந்தான். பள்ளிக்கூடம்கூடப் போகாத வயது, மறந்திருப்பான் என்றுதான் இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள்.

உள்ளே பண்டாரத்தின் குரல் கேட்டது. "மூடிரலாமா?"

"மூடாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நவமணி கூடத்துக்கு ஓடி வந்தாள். கையிலிருந்த அரிசியைத் தம்பியின் வாயில் போட்டாள். பிறகு எல்லோரும் பார்க்க, அவன் தலையை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"ரூபன், அடியில இருக்கிறத எடு. மெதுவா."

ரூபன் துணிகளை உருவினான். "என்னக்கா இது?" என்று யாரோ கேட்டார்கள். "நான்தான் வச்சேன்" என்றாள். பத்துமலை எங்கிருந்தோ சாட்டின் தலையணையைக் கொண்டுவந்து நீட்டினான். அதை வைத்துத் தலையை இறக்கினார்கள்.

அவள் பின்னாலேயே உள்ளே வந்து கூடத்துச் சுவரோரம் ஒட்டி நின்றிருந்த ஹஸ்னா துணிகளை வாங்கிக்கொண்டாள். மேலிருந்த ஒன்றில் மட்டும் எண்ணெயும் சீயக்காயும் வட்டமாக ஊறியிருந்தது.

"துவைச்சாப் போயிரும் ஆன்ட்டி," என்றாள்.

"இது இருக்கட்டும்."

நவமணி அந்தத் துண்டை மட்டும் எடுத்து உதறினாள். தம்பியின்மேல் உறவுக்காரர்கள் போட்டிருந்த கோடி வேட்டிகளுக்கும் மாலைகளுக்கும் மேலே அதை விரித்தாள். மார்பில் தொடங்கிய துணி இடுப்புக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தாள். மார்பிலிருந்து நழுவியது. மறுபடி மேலே ஏற்றிச் சுருக்கமில்லாமல் தடவிவிட்டாள்.

"ம், மூடுங்க," என்றாள்.