பொட்டு வைத்த நெகட்டிவ்

அச்சன்புதூர் பாலம்மாள் தபால்தலை அளவு பிலிம் துண்டு ஒன்றை மஞ்சள் துணியில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை மடியில் அணைத்தபடி தென்காசிக்குப் பஸ் ஏறினாள். கூடவே மகள் வேல்விழி. ஆவணியில் வேல்விழிக்குக் கல்யாணம். மணவறைக்குப் போகுமுன் பெண் தன் அப்பா படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். அவர்கள் வீட்டில் அப்பா படம் கிடையாது. அந்தப் பிலிம் துண்டு மட்டும்தான் இருந்தது.

முகம்மது ரபீக்கின் கடை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் இருந்தது. பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். குற்றாலத்தில் சீசனுக்குக் குளிக்க வந்து அருவிக்கரையில் படம் எடுத்துக்கொண்டவர்களின் நெகட்டிவ்கள்தான் அதிகம் வரும். பாலம்மாள் கொண்டுவந்ததும் அப்படி ஒன்றுதான். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தோள் தெரிந்தது, கழுத்தில் போட்ட துண்டு தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு பொருக்கு உட்கார்ந்திருந்தது.

“என்னக்கா இது?” என்று கேட்டார்.

பாலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். வேல்விழிதான் சொன்னாள். “பொட்டு, பாய். எங்கம்மா எங்கப்பாவுக்கு வச்ச பொட்டுல பாதி எனக்கு வச்சதில்ல.”

பிறகு கதை மெல்ல மெல்ல வந்தது. பாலம்மாளுக்குக் கல்யாணமான வருஷம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு நாளில், புருஷனும் பெண்டாட்டியுமாகக் குற்றாலம் போயிருக்கிறார்கள். தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியில் நின்று குளித்துவிட்டு வந்த புருஷன் மாடனை ஒரு போட்டோக்காரர் பிடித்து நிறுத்திப் படம் எடுத்தார். மாடன் படத்தோடு நெகட்டிவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த நாலாம் மாதம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். வேல்விழி அப்போது வயிற்றில் இருந்தாள். கண்ணாடி போட்டு மாட்டிய படம் ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது முகம் கிழிந்து வந்தது. அதற்குப் பிறகு பாலம்மாள் நெகட்டிவை சாமி படங்களுக்கு நடுவே வைத்தாள். இறந்தவர்கள் படத்துக்கு வைப்பது போலவே வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். அவ்வளவு சிறிய துண்டில் நெற்றி எது, மூக்கு எது? ஏழெட்டு வருஷத்து வெள்ளிக்கிழமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக முகத்தை மூடிவிட்டன.

வேல்விழிக்குப் பத்து வயதானபோது அதை ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்தவர் கையில் வாங்கக்கூட இல்லை. மூஞ்சியே போச்சு, தூரப் போடுங்க என்று சொல்லிவிட்டார். அன்றோடு பாலம்மாள் பொட்டு வைப்பதை நிறுத்தினாள். தன் விரலே தன் புருஷன் முகத்தை அழித்துவிட்டது என்று நம்பினாள்.

கம்ப்யூட்டரில் பதிவதற்கு ரபீக் படத்தில் இருப்பவரின் பெயர் கேட்டார். பாலம்மாள் மகளைப் பார்த்தாள். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. “மாடன்னு போடுங்க பாய்” என்றாள் வேல்விழி. பிறகு சற்றுத் தயங்கி, இப்போதுதான் ஏஐ இருக்கிறதே, அதில் போட்டு ஒரு முகத்தை வரவழைத்துவிட முடியாதா என்று கேட்டாள்.

“வரும்மா. யாரோ ஒருத்தரு வருவாரு. உங்கப்பா வரமாட்டாரு.”

வேல்விழிக்குப் போன் வந்தது. அவள் வாசலுக்குப் போனதும் பாலம்மாள் மேஜைமேல் குனிந்து தணிந்த குரலில் பேசினாள்.

“தம்பி, அவ கிட்ட சொல்லிராதிய. எனக்கே அவுக முகம் மறந்துபோச்சு. கண்ண மூடுனா இந்தச் செவப்புதான் தெரியுது. இதுக்கு அடியில ஒண்ணுமே இல்லன்னா, பொறவு அவுக எனக்கு எங்கயும் இல்ல.”

ரபீக் பிலிமை லென்ஸுக்கு அடியில் வைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிலிமுக்கு ஒரு பக்கம் மங்கலாக இருக்கும், உருவம் பதிந்திருப்பது அந்தப் பக்கத்தில்தான். அங்கே ஈர விரல் பட்டாலே கதை முடிந்துவிடும். மறுபக்கம் பளபளப்பாக இருக்கும், அது வெறும் பிளாஸ்டிக். பொட்டு பளபளப்பான பக்கத்தில் இருந்தது.

எதற்காக இந்தப் பக்கத்தில் வைத்தீர்கள் என்று கேட்டார். மங்கலான பக்கம் முதுகு மாதிரித் தெரிந்தது, முதுகுக்கு யாராவது பொட்டு வைப்பார்களா என்றாள் பாலம்மாள்.

கியாரண்டி சொல்ல முடியாது, மூன்றாம் நாள் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார் ரபீக். அவருடைய மனதில் நம்பிக்கை வந்திருந்தது. ஆனாலும் இருபத்தைந்து வருஷம் காத்திருந்தவளிடம் நம்பிக்கையை முன்கூட்டிக் கொடுப்பதற்குப் பயந்தார்.

அன்று மாலையே வேலையைத் தொடங்கினார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, பிழிந்து, பொருக்கின்மேல் மட்டும் வைத்து எடுத்தார். தேய்க்கவில்லை. ஊறியது தானாக விட்டுக்கொடுக்கும்வரை காத்திருந்தார். குங்குமம் ஓர் அடுக்கு வந்தது, பிறகு சந்தனம், பிறகு மறுபடி குங்குமம். பஞ்சைக் கழுவிய தண்ணீர் கிண்ணத்தில் சிவப்பாகச் சேர்ந்தது. அதைச் சாக்கடையில் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மருதாணிச் செடியின் அடியில் ஊற்றினார். இது என்ன என்று கேட்ட மனைவி சைதூன் பீவியிடம் விவரம் சொன்னார். மறுநாள் காலையில் அவளே தண்ணீரைக் காய்ச்சி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. இறைவன் தன் காரியங்களைப் பெரும்பாலும் இப்படிக் கேட்காமல் நீளும் கைகளைக் கொண்டுதான் நடத்துகிறான்.

இரண்டாம் நாள் கடைசி அடுக்கும் போயிற்று. சாரல் காற்றில் எதுவும் லேசில் காயாது. பீரோவுக்குள் ஒரு பல்பை எரியவிட்டு ஒரு ராத்திரி முழுவதும் பிலிமைத் தொங்கவிட்டார். ஒற்றைத் துண்டு ஸ்கேனரின் சட்டத்தில் நிற்கவில்லை. அட்டை வெட்டிச் சட்டம் செய்தார். கழுவிய பக்கம் கண்ணாடியில் ஒட்டிவிடுமோ என்ற பயத்தில் அதை மேலே பார்க்க வைத்து ஸ்கேன் செய்தார். திரையில் ஒரு முகம் வந்தது. நெற்றியைச் சுற்றி மட்டும் வெளிர்நீலமாக ஒரு வளையம். நெகட்டிவில் சிவப்பின் கறை படத்தில் நீலமாகத்தான் தெரியும். அதை மட்டும் சரிசெய்துவிட்டு, முகத்தில் வேறு எதையும் தொடாமல் விட்டார்.

மூன்றாம் நாள் இருவரும் வந்தார்கள். ரபீக் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். பின்னால் அருவி வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. முன்னால் எண்ணெயும் தண்ணீரும் சொட்டச் சொட்ட ஒரு பையன், போட்டோவுக்கு எப்படி நிற்பது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றான். வேல்விழி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாலம்மாள் வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது.

“இது அவுக இல்ல தம்பி.”

நெகட்டிவ் மாறுவதற்கு வழியே இல்லை என்று ரபீக் சொல்லத் தொடங்கினார். அவள் அதைக் கேட்காமல் திரையருகே விரலை நீட்டினாள்.

“கதிரறுப்புல கருக்கருவா பட்ட தழும்பு அவுகளுக்கு வலது புருவத்துல. இவருக்கு இடது புருவத்துல இருக்கு. சிரிச்சா கன்னத்துல குழி விழுறதும் வலப்பக்கந்தான். இதுல எல்லாம் மாறிக் கெடக்கு. எனக்குத் தெரியாதா?”

ரபீக் தான் வெட்டிய அட்டைச் சட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, பிலிமைத் தான் புரட்டி வைத்தது நினைவுக்கு வந்தது. மவுஸை நகர்த்தி ஒரே ஒரு தட்டு தட்டினார். முகம் இடம் வலமாகத் திரும்பியது.

பாலம்மாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்கப் போனவள், துடைக்காமலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறந்துபோனதாகச் சொன்னீர்களே என்று கேட்பதற்கு ரபீக்கின் நாக்கு நுனிவரை வந்தது. மகள் பக்கத்தில் நின்றாள். சொல்ல மாட்டேன் என்று வாயால் சொல்லாவிட்டாலும், கேட்டுக்கொண்டது கேட்டுக்கொண்டதுதான்.

“நாந்தான் தப்பா வச்சிட்டேன்க்கா,” என்றார். “நீங்க சரியாத்தான் வச்சிருந்திய.”

பாலம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று அவருக்குத் தெரிந்தது.

வேல்விழி திரைக்கு மிக அருகில் போய் நின்றிருந்தாள். பிறந்ததிலிருந்து பார்க்காத முகத்தை அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தாள். “எம்மா, இதுல அப்பாவுக்கு என்ன வயசு?”

“இருவத்திமூணு.”

“எனக்கு இருவத்தஞ்சு. சின்னப் பையனால்லா இருக்காக. நான் எப்படிம்மா இவுக கால்ல விழ?”

பாலம்மாள் சிரித்தாள். சிரிப்போடு சேர்ந்து அதுவரை நின்ற கண்ணீரும் இறங்கியது.

“விழு, விழு. எந்திரிச்ச பொறவு நீயே அவுகளுக்கும் ஒரு கீத்துத் திருநீறு பூசி விடு. தலை தொவட்டாம நிக்காக பாரு.”